மீண்டும் வறுக

அன்பும் மதிப்பும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும், படங்களுக்குச் சட்டம் போடும் உங்கள் கடையும், கடையில் உள்ள கண்ணாடிகள் அத்தனையும் ஒரு கீறலுமின்றி நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவனுக்கு, தெரிந்தே ஒரு தவற்றை எழுதக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை.

வெளிநாட்டில் மகள் வீட்டிலிருந்து நாங்கள் திரும்பிவந்த மறுநாளே, உங்கள் தங்கை பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பியது உங்களுக்குத் தெரியும். எப்போது வருவாய் என்றேன். "வேலை முடிஞ்சதும்" என்றாள். என்ன வேலை என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மூன்று நாளாகப் போன் செய்கிறேன். அது பாட்டுக்கு முழுசாக அடித்து ஓய்கிறது. பொறுக்கமாட்டாமல்தான் நேற்று உங்களுக்கு, "அவள் என்ன செய்கிறாள்?" என்று செய்தி அனுப்பினேன். நீங்களும் பெரிய மனது பண்ணிப் பதில் போட்டீர்கள்: "மாப்ளை, தங்கச்சி காலைலேர்ந்து வருத்துக்கிட்டே இருக்கா. வீட்ல எல்லாருக்கும் கண்ல தண்ணி. இன்னைக்கு முடியாது போல. நாளைக்கும் உண்டாம்."

அந்தச் செய்தியில் ஒரு சொல் நெருடத்தான் செய்தது. பழைய ஆளாக இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் இனிமேல் யாருடைய எழுத்திலும் கை வைப்பதில்லை என்று சபதம் எடுத்து, சிவப்புப் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டு இன்றோடு எட்டு நாள் ஆகிறது. ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவள் வருந்துகிறாள். காலையிலிருந்து வருந்துகிறாள். நாளைக்கும் மிச்சம் வைத்து வருந்தப் போகிறாள். அவளுடைய வருத்தத்தைப் பார்த்து வீடே அழுகிறது. இதைப் படித்ததும், மச்சான், அவள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்றுகூடத் தோன்றியது. நடந்ததை அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் பதினோரு இடத்தில் திருத்தம் போட்டு உங்களுக்கே திருப்பி அனுப்பியவன் நான். அன்றிலிருந்து எனக்கு நீங்கள் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

எல்லாம் கல்யாணமான பதினோராம் நாள் தொடங்கியது. கடற்கரை ஊருக்குப் போனோமே, அப்போது. அதுவரை உங்கள் தங்கை என்னிடம் பேசியது மொத்தம் நான்கு சொற்கள். அதில் இரண்டு 'உம்'. மத்தியானம் பசி எடுத்து, துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தோம். தகரக் கூரை, நான்கு மேசை, சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சுண்ணாம்புக் கட்டியால் 'வருத்த மீன்' என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. வல்லின றகரம் போட வேண்டிய இடத்தில் இடையின ரகரம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் தங்கை பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாகக் கேட்டாள்: "பாவம், மீனுக்கு என்ன வருத்தமாம்?" குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. புரையேறி நான் இருமுகிறேன், அவள் எழுந்துவந்து என் உச்சந்தலையில் தட்டுகிறாள், தட்டிக்கொண்டே சிரிக்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

அங்கேயே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? எழுந்து போய் ஓட்டல்காரரிடம் சுண்ணாம்புக் கட்டி கேட்டேன். அவர், "அஞ்சு வருசமா அப்படித்தான் இருக்கு சார், ஒரு மீனாவது வேகாம போயிருக்கா?" என்றார். நான் அவருக்கு ரகர றகர வேறுபாட்டை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பலகையைத் திருத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினால், மீன் தீர்ந்துவிட்டது. கடைசித் துண்டு பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. அன்று நாங்கள் சாப்பிட்டது ஆளுக்கு ஒரு அவித்த முட்டை.

அப்புறம் மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது மலையூருக்குப் போனோம். பேருந்து இருபது நிமிடம் நிற்கும் என்று சொல்லி ஒரு ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு கதவில் 'குடும்ப அரை' என்று எழுதியிருந்தது. பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "எங்கள் குடும்பம் முழுசாக வந்திருக்கிறதே, பாதியை எங்கே உட்கார வைப்பீர்கள்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "மூணு பேரும் உள்ளயே உக்காரலாம் சார், இடம் இருக்கு" என்றார். பட்டியலைப் பார்த்தால் 'சூடான பாள்'. இதற்கு மேல் தாங்குமா? மேலாளரையே வரவழைத்தேன். அவர் கல்லூரியில் தமிழ் படித்தவராம், வீம்புக்கு வாதாடினார். நானும் விடவில்லை. இருவரும் லகர ளகரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது மகள் சன்னலோரம் நின்று, "அப்பா, நம்ம பஸ் போகுது" என்றாள். பேருந்து போயிற்று. அதோடு எங்கள் கம்பளிச் சட்டைகள் இருந்த பையும் போயிற்று. வெளியே குளிர் என்றால் அப்படிக் குளிர். கடைசியில் அதே மேலாளர்தான் மேசைவிரிப்புகளை உருவிக் கொடுத்தார். அடுத்த பேருந்து வரும்வரை நாங்கள் மூவரும் கட்டம் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் பாள் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

நெடுஞ்சாலையில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் தங்கை அதை எல்லோரிடமும் நடித்துக் காட்டியிருக்கிறாள். பட்டியலில் 'கோழிக் கரி' என்று இருந்தது. நான் அடுப்பங்கரைச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, கரி என்றால் அடுப்பில் போடுவது, கறி என்றால் வாயில் போடுவது என்று சமையல்காரரிடம் சொன்னேன். ஆள் ஆறடி. அரைமணி கழித்துத் தட்டோடு அவரே வெளியே வந்தார். தட்டில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. கறுப்பாக இருந்தது, தட்டினால் சத்தம் வந்தது. "எழுதியிருக்கிறபடியே கொண்டாந்திருக்கேன் சார், சாப்பிடுங்க" என்றார். பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பிட்டேன். உங்கள் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். வெளியே வரும்போது வாசல் வளைவில் கொட்டை எழுத்தில் 'மீண்டும் வறுக' என்றிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "பேசாம வாங்க, உள்ள கேட்டா நெசமாவே ரெண்டாந்தரம் வறுத்துடுவாரு" என்று ஓடினாள்.

இப்படி நாங்கள் போன ஊரெல்லாம் நான் சிவப்புப் பேனாவோடு போனேன். ஒரே ஒரு இடத்தில்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மகள் வேலை பார்க்கும் நாட்டில், அவள் வீட்டுத் தெருமுனையில் ஒரு அம்மாள் நடத்தும் சிறிய உணவகம். பட்டியலில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. எது பிழை, எது சரி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மகள் அலுவலகம் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். விவரம் தெரிந்தவன்போல ஒரு வரியில் விரலை வைத்து, "இதில் இரண்டு" என்று சைகை காட்டினேன். அந்த அம்மாள் தலையை ஆட்டி மறுத்தார். நான் விடாமல் மூன்று தடவை அதே வரியில் விரலைக் குத்தினேன். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது, நான் கேட்டது 'செவ்வாய்க்கிழமை விடுமுறை'. அப்புறம் அவராக எதையோ சூடாகக் கொண்டுவந்து வைத்தார். மெதுவாகச் சாப்பிட்டோம். படிக்க ஒன்றும் இல்லாததால் நான் உங்கள் தங்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். "இந்த ஊர்ல நீங்க நல்ல மனுசனா இருக்கீங்க" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் முப்பத்து மூன்றாவது கல்யாண நாள் வந்தது. மகள் அதே உணவகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லிவைத்திருந்தாள். மேசையில் பூச்செண்டு. அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்து என் முன்னால் ஒரு அட்டையை வைத்தார். மச்சான், தமிழில் அச்சடித்த பட்டியல்! எங்கோ கண்காணாத ஊரில் தமிழைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மறு நொடியே முதல் வரி கண்ணில் பட்டது. 'வருத்த மீன்.' அடுத்தது 'கோழிக் கரி'. அதற்கடுத்து 'சூடான பாள்'. அதன்கீழ் 'குடும்ப அரையில் பரிமாறப்படும்'. எனக்கு இரத்தம் கொதித்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். நான்கே நிமிடம். வட்டம் போட வேண்டியதற்கு வட்டம், அடிக்க வேண்டியதற்கு அடி. 'செவ்வாய்க்கிழமை விடுமுறை' என்று ஒரு வரி இருந்தது. அதன் ஓரத்தில், 'இது உணவு அல்ல. நீக்குக' என்று எழுதினேன். கடைசி வரி 'மீண்டும் வறுக'. அதையும் திருத்தி, அடியில் 'கவனம் போதாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். "நாலாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படி எழுதாது, யார் எழுதிக் கொடுத்தது?" என்று அந்த அம்மாளைக் கேட்கும்படி மகளிடம் சொன்னேன். மகள் மேசைக்கடியில் என் காலை உதைத்தாள். கால் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நான் காலை மடக்கிக்கொண்டேன்.

உங்கள் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சீங்களா?" என்றாள்.

"திருத்திட்டேன்" என்றேன்.

"திருத்தினது தெரியுது. படிச்சீங்களா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அட்டையின் மேலே 'நாம் சாப்பிடப் போன இடங்கள்' என்று தலைப்பு இருந்திருக்கிறது. தலைப்பில் பிழை இல்லை. பிழை இல்லாத இடத்தில் என் கண் நிற்பதில்லை. புரூஃப் பார்க்கிறவனுக்கு எழுத்துதான் தெரியும், எழுதியிருப்பது தெரியாது. அந்தப் புத்தியோடே ஓய்வும் பெற்றுவிட்டேன். அவள் அட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடங்காமல் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சாப்பிட்டாள். அதுதான் எனக்குப் பயம். கோபம் வந்தால் சாப்பிடாமல் இருப்பவளைச் சமாதானம் செய்துவிடலாம். சாப்பிடுகிறவளை என்ன செய்வது?

மறுநாள் பாத்திரம் கழுவும்போது மகள்தான் சொன்னாள். அட்டையை எழுதியது அவள் அம்மா. ஒற்றை விரலால் போனில் தட்டித் தட்டி ஆறு நாள் எழுதியிருக்கிறாள். ஏன் ஆறு நாள் என்றால், 'வருத்த மீன்' என்று அடித்தால் அந்தப் பாழாய்ப்போன போன் தானாகவே 'வறுத்த மீன்' என்று மாற்றிவிடுகிறதாம். இவள் மறுபடி தப்பாக அடிப்பாளாம், அது மறுபடி சரியாக்குமாம். "அம்மா அதுகூட சண்ட போட்டு சண்ட போட்டு ஒவ்வொரு தப்பையும் காப்பாத்தினாங்கப்பா. நீங்க நாலு நிமிசத்துல எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க" என்றாள். நான் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அப்போதே உள்ளே ஓடி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்றிரவே பேனாவைக் குப்பையில் போட்டதோடு சரி. விமானத்திலும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. அவள், "சாப்பாடு மேசையில இருக்கு" என்று மட்டும் சொன்னாள், நான் சாப்பிட்டேன்.

மச்சான், எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை ஊர் சுற்றினோம், இத்தனை மேசையில் உட்கார்ந்தோம். எனக்கு நினைவிருப்பதெல்லாம் பிழைகள். அவள் அந்தப் பிழைகளை வைத்துக்கொண்டு எங்களை நினைவு வைத்திருக்கிறாள். தகரக் கூரை ஓட்டலில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். மீனுக்கு என்ன வருத்தம் என்று. பதில் சொல்லாமல் சுண்ணாம்புக் கட்டி வாங்கப் போய்விட்டேன். இப்போது தெரிகிறது, முன்னால் இவ்வளவு நல்லவள் உட்கார்ந்திருக்க, ஒருத்தன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதுதான் அந்த மீனுக்கு வருத்தம். இதை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். இனி எந்த ஊரில் எந்த ஓட்டலுக்குக் கூப்பிட்டாலும் வருவேன், எதைக் கொண்டுவந்து வைத்தாலும் சாப்பிடுவேன், எதையும் திருத்தமாட்டேன் என்றும் சொல்லுங்கள். கரியாக இருந்தாலும் சரி. அவள் அழுவதை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பெண்ணுக்கும் மருமகனுக்கும், பத்திரிகையைத் திருத்தியதற்காக இத்தனை காலம் கழித்து ஒரு மன்னிப்பும், எல்லாப் பேறும் பெற்று வாழ வாழ்த்தும். உங்கள் கையில் உளி வழுக்காமல், கண்ணாடி உடையாமல், நெடுநாள் நல்லபடி தொழில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத,
(முன்னாள்) சிவப்பு மை

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு போன் அடித்தது. உங்கள் தங்கை. உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

"என்னங்க, மூணு நாள்ல நாப்பது தடவ கூப்பிட்டிருக்கீங்க, வீடு கீடு பத்திக்கிச்சா? போனை அண்ணன் கடையில சார்ஜ் போட்டுட்டு மறந்துட்டேன். அந்த மரம் அறுக்கிற மெசின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

"இன்னும் அழுறியா?" என்றேன்.

"அழாம? வருசத்துக்கு வேணும்னு அண்ணி மிளகாய மூட்டையா வாங்கி வச்சிருக்காங்க. நேத்துலேர்ந்து நின்னு வறுக்கிறேன். தெருவே இருமுது. ஏன், அண்ணன் எழுதலையா?"

எழுதினீர்கள் மச்சான், எழுதினீர்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டேன். ஒரு நாள் முழுக்கச் செத்துப் பிழைத்தேன்.

அந்த அட்டையைப் பற்றி மெல்ல இழுத்தேன். "அதுக்குத்தானே இங்க வந்தேன். அண்ணன்கிட்ட சட்டம் போடக் குடுத்திருக்கேன்" என்றாள். சிவப்பு மையை அழித்துவிட்டுப் போடச் சொல்லேன் என்று கெஞ்சினேன். "எதுக்கு அழிக்கணும்? ரெண்டு நாள் கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் விமானத்துல, 'இது உணவு அல்ல, நீக்குக'ன்னு நெனப்பு வந்துச்சு பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. நீங்க பக்கத்துல கொறட்ட விட்டுட்டிருந்தீங்க. நான் எழுதினதும் நீங்க எழுதினதும் ஒரே காகிதத்துல இருக்கறது அது ஒண்ணுதான். அந்த 'கவனம் போதாது' மட்டும் சட்டத்துல மறைஞ்சிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியிருக்கும் எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. தபால்தலை வீணாகக் கூடாதே என்று அனுப்புகிறேன். இது வந்து சேரும்போது நானே அங்கே இருப்பேன், வாங்கிக் கிழித்துவிடுவேன். ஏனென்றால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அடுத்த செய்தியும் வந்துவிட்டது: "மாப்ளை, நீங்களும் உடனே வறுக."

பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். பேருந்தைப் பிடிக்கச் சொல்கிறீர்களா, கரண்டியைப் பிடிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கமாட்டேன். இரண்டுக்கும் துணிந்து, நாளைக் காலை முதல் பேருந்தில் வறுகிறேன்.